எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து நான்கு ஆண்டுகள்: இனி எப்படிச் சாப்பிடுவது, எதைக் கவனிப்பது?

கேள்வி இதுதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டீர்கள். 118 கிலோவாக இருந்த எடை ஒன்றரை ஆண்டில் 76க்கு இறங்கியது, இப்போது 83. இதைத் தோல்வி என்று எழுதியிருக்கிறீர்கள். மறைந்தே போயிருந்த பசி திரும்பிவிட்டது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று சத்து மாத்திரைகளை நிறுத்தி ஓராண்டு ஆகிறது. கொஞ்சம் களைப்பு உண்டு. அது வேலைச் சுமையால் என்று நினைக்கிறீர்கள். இரைப்பை பைபாஸ் செய்துகொண்ட உங்கள் தங்கைக்குச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கை நடுக்கமும் வியர்வையும் வருகின்றன. இருவரும் இனி எப்படிச் சாப்பிட்டு, எப்படி வாழ வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

நான் உணவியல் நிபுணர். இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களோடுதான் என் வேலையின் பெரும்பகுதி. நீங்கள் எழுதியதில் உங்களை வாட்டுவது அந்த 7 கிலோ என்று தெரிகிறது. எனக்குக் கவலை தருவது மாத்திரைகளை நிறுத்தியதுதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்லீவில் இரைப்பையின் ஏறத்தாழ 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பி12 வைட்டமினைக் குடல் உறிஞ்ச வேண்டுமானால், இரைப்பைச் சுவரில் சுரக்கும் ஒரு புரதம் அதனோடு சேர வேண்டும். அந்தப் புரதத்தையும் அமிலத்தையும் சுரக்கும் செல்கள் வெட்டி எடுத்த பகுதியில்தான் அதிகம். பைபாஸில் அந்தப் பகுதி உடம்புக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் உணவு அதன் வழியாகப் போவதில்லை. இரண்டிலும் முடிவு ஒன்றுதான்: உணவில் பி12 இருந்தாலும் உடலுக்குப் போதிய அளவு சேராமல் போகலாம். ஆனால் கல்லீரலில் பல ஆண்டுகளுக்குத் தாங்கும் இருப்பு உண்டு. அதனால்தான் முதல் ஆண்டில் மாத்திரையை விட்டவருக்கும் ஒன்றும் தெரிவதில்லை. இருப்பு கரைந்து முடிவது மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில். அப்போது ‘நன்றாகத்தானே இருந்தேன்’ என்பார்கள். அந்த வாக்கியம் உண்மைதான். கையிருப்பு தீர்ந்துகொண்டிருந்தது என்பதும் உண்மை. பாதம் மரத்துப்போவது, நடை தடுமாறுவது, மறதி ஆகியவை பி12 குறைவால் வந்து, கவனிக்காமல் நீண்டகாலம் விட்டால், பிறகு எவ்வளவு ஊசி போட்டாலும் முழுமையாகச் சரியாகாமல் போகலாம். ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்துக்கொள்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து: இரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்புச் சேதம் மட்டும் உள்ளே தொடரும்.

உங்கள் களைப்பைப் பொறுத்தவரை என் முதல் சந்தேகம் இரும்புச்சத்து. மாதவிலக்கு நிற்காத வயதில் இருக்கும் பெண்ணுக்கு இது இரட்டை இழப்பு: மாதாமாதம் இரும்பு வெளியேறுகிறது, அமிலம் குறைந்த இரைப்பையால் உணவிலுள்ள இரும்பும் சரியாகச் சேர்வதில்லை. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். சேமிப்பில் இருக்கும் இரும்பு முதலில் தீரும், ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். சேமிப்பு இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும், இரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் இரும்புச் செறிவும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கால்சியத்திலும் இப்படியொரு மறைப்பு உண்டு. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடல் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டிவிடும். ஆகவே இரத்தக் கால்சிய அளவு மட்டும் இயல்பாக இருப்பதால் எலும்பு நலமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. வைட்டமின் டி அளவும், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்க வைக்கும் பாராதைராய்டு ஹார்மோன் அளவும்தான் உண்மையைச் சொல்லும்.

எனவே இந்த வாரமே இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், இரும்புச் செறிவு, பி12, ஃபோலேட், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், கால்சியம், அல்புமின், கல்லீரல், சிறுநீரகச் செயல்பாடு, தைராய்டு, ஹெச்பிஏ1சி (சில மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரை) ஆகியவை அடிப்படை. தங்கைக்கு இவற்றோடு துத்தநாகம், தாமிரம், வைட்டமின் ஏ ஆகியவற்றையும் பார்ப்பது நல்லது. இரத்தம் கொடுத்துவிட்டு அன்றைக்கே மாத்திரையைத் தொடங்குங்கள். முதலில் மாத்திரையைத் தொடங்கிவிட்டுச் சில வாரம் கழித்துப் பரிசோதித்தால், எவ்வளவு பள்ளம் விழுந்திருந்தது என்பது தெரியாமலே போய்விடும். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும். ஏதாவது குறைந்திருந்தால் மூன்று மாதத்தில் மீண்டும்.

அளவுகளையும் சொல்கிறேன்; ஸ்லீவ், பைபாஸ் இரண்டுக்கும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுபவை இவை. வாய்வழி பி12 தினமும் 350 முதல் 1000 மைக்ரோகிராம்; கால்சியம் உணவையும் சேர்த்து 1200 முதல் 1500 மில்லிகிராம்; வைட்டமின் டி 3000 அலகு, இரத்த அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும்; உங்களைப் போன்றவர்களுக்கு இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம்; தயமின் (வைட்டமின் பி1) குறைந்தது 12 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் சாதாரணப் பல்வைட்டமின் மாத்திரை ஒன்று இந்த அளவுகளை எட்டாது. லேபிளைப் படியுங்கள். கால்சியத்தை ஒரே வேளையில் 600 மில்லிகிராமுக்கு மேல் விழுங்கினால் உடல் ஏற்காது. இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள். கால்சியம் கார்பனேட்டுக்கு அமிலம் தேவை. சிட்ரேட் அமிலம் இல்லாமலும் சேரும் என்பதால் அதுவே உங்களுக்குப் பொருத்தம். இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று தடுக்கும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் இருக்கட்டும். தேநீர், காபியோடு இரும்பு மாத்திரை வேண்டாம். இத்தனையும் நினைவில் வைப்பது கடினம் என்பது எனக்குத் தெரியும். காலையில் எழுந்ததும் ஒன்று, மதிய உணவுக்குப் பின் ஒன்று, இரவு படுக்கும்போது ஒன்று என்று ஏற்கெனவே தவறாமல் செய்யும் வேலைகளோடு மாத்திரைகளைக் கட்டிவைத்தவர்கள்தான் பத்தாண்டு கழித்தும் தொடர்கிறார்கள்.

இனி அந்த 7 கிலோ. ஸ்வீடனில் 1987இல் தொடங்கி நடந்த பெரிய ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதலிரண்டு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 சதவீதமாக இருந்தது. அதாவது இழந்ததில் ஒரு பகுதி சராசரி மனிதருக்குத் திரும்பத்தான் செய்தது. நீங்கள் தொடக்க எடையிலிருந்து இன்றும் 35 கிலோ கீழே நிற்கிறீர்கள். கிட்டத்தட்ட 30 சதவீதம். இழந்த 42 கிலோவில் ஆறில் ஒரு பங்குதான் திரும்பியிருக்கிறது. இதைத் தோல்வி என்று நீங்கள் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரந்தது வெட்டி எடுத்த பகுதியில். அது திடீரெனக் குறைந்ததால் முதலாண்டு பசியில்லாமல் கழிந்தது. பிறகு மீதி இரைப்பை சற்று விரிகிறது. எடை இழந்த உடல் குறைந்த எரிசக்தியில் வாழப் பழகிக்கொண்டு, இன்னும் கொண்டா என்று கேட்கிறது. பசி திரும்பியது உங்கள் மன உறுதி குறைந்ததால் அல்ல.

ஆனாலும் ஏறுமுகம் தொடர்கிறதா என்று பார்க்க வேண்டியது அவசியம். வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே நேரத்தில் எடை பாருங்கள். ஆறு மாதமாக 83இலேயே நின்றால் அது உங்கள் உடல் கண்ட சமநிலையாக இருக்கலாம். மாதம் ஒரு கிலோ என்று ஏறினால் காரணம் தேட வேண்டும். காரணம் எப்போதும் தட்டில் இருப்பதில்லை: புதிதாகத் தொடங்கிய ஸ்டீராய்டு, சில மனச்சோர்வு மருந்துகள், இன்சுலின், தைராய்டு குறைவு, தூக்கக் கேடு எல்லாம் எடையைக் கூட்டும். இவற்றை எல்லாம் தள்ளிவைத்த பிறகும் ஏறினால், செமக்ளூடைடு, டிர்செபடைடு போன்ற பசியைக் குறைக்கும் மருந்துகளை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதைக் கேட்டுப் பெறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உயர் இரத்த அழுத்தத்துக்கு இரண்டாவது மாத்திரை சேர்க்கும்போது யாரும் வெட்கப்படுவதில்லை.

தட்டுக்கு வருவோம். நான்காம் ஆண்டில் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சாப்பாட்டு வேளையில் அதிகம் சாப்பிடுவதில்லை. வேளைகளுக்கு நடுவில்தான் கை போகிறது. இரண்டு பிஸ்கட், அரைக் கோப்பை இனிப்புக் காபி, ஒரு கைப்பிடி வறுவல். இவை எளிதில் கரைந்து இறங்கிவிடுவதால் சிறிய இரைப்பை நிறைந்ததாகவே உணராது. வயிறு ‘போதும்’ என்று சொல்லும் வாய்ப்பே வராது. ஒரு துண்டு கோழியையோ மீனையோ கெட்டியான பருப்பையோ மென்று விழுங்கினால் பத்தாவது கவளத்தில் வயிறு நிறுத்தச் சொல்லும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டவருக்கு மற்ற விதிகள் பாதி தேவைப்படாது. கெட்டியான, மெல்ல வேண்டிய உணவே உங்கள் அறுவை சிகிச்சையை இன்னும் வேலை செய்ய வைக்கிறது.

ஆகவே முதல் கவளங்கள் புரதமாக இருக்கட்டும், அடுத்து காய்கறி, மாவுச்சத்து கடைசியில். தினமும் 60 முதல் 80 கிராம் புரதம் இலக்கு. கணக்கு பெரிய வித்தை இல்லை: ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 முதல் 7, வெந்த பருப்பு 100 கிராமில் 9, சமைத்த கோழி 100 கிராமில் 25க்கும் மேல், மீனில் 20க்கும் மேல். சைவம் சாப்பிடுபவர்களால் இந்த இலக்கை எட்ட முடியாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். முடியும், ஆனால் பருப்பு, பயறு, தயிர், பன்னீர், சோயா ஆகியவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டின் முக்கியப் பொருளாக இருக்க வேண்டும், தொட்டுக்கொள்ளும் ஓரப்பொருளாக இருக்கக் கூடாது. வயிறு கொள்ளாத நாட்களில் புரதப் பொடி உதவும். தினமும் அதிலேயே வாழ்வது எனக்கு உடன்பாடில்லை. திரவம் சீக்கிரம் இறங்கிவிடும், பசி சீக்கிரம் திரும்பும்.

மூன்று வேளை, நடுவில் ஒன்று அல்லது இரண்டு திட்டமிட்ட சிற்றுணவு. வேளைக்கு 20 முதல் 30 நிமிடம். தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத் தொடங்கி நாள் முழுவதும் சிறுசிறு மடக்காகக் குடியுங்கள். ஒன்றரை லிட்டருக்குக் குறையக் கூடாது. போதும் என்ற அறிகுறி பலருக்கு வயிற்றில் வருவதில்லை. ஒரு விக்கல், மூக்கில் நீர், நெஞ்செலும்புக்குக் கீழே ஓர் அழுத்தம் என்று ஆளுக்கொரு விதமாக வரும். உங்களுடையது எது என்று கண்டுபிடியுங்கள். அதற்குப் பிறகு ஒரு கவளம்கூட வேண்டாம், தட்டில் மீதம் இருந்தாலும்.

எந்த உணவும் வாழ்நாள் முழுவதற்கும் தடை என்று நான் சொல்வதில்லை. விருந்தில் ஒரு சிறு துண்டு இனிப்பை, சாப்பாட்டின் முடிவில், உட்கார்ந்து, ருசித்துச் சாப்பிடுவதால் எதுவும் கெட்டுவிடாது. ஒளித்துவைத்து நின்றபடி விழுங்குவதுதான் பழக்கமாக வேர்விடுகிறது.

தங்கையின் நடுக்கத்தை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வயிற்றுப் பிசைவு, வயிற்றுப்போக்கு வந்தால் அது முதல் வகை டம்பிங். சர்க்கரை செறிந்த உணவு குடலுக்குள் வேகமாகக் கொட்டி, நீரை அங்கே இழுப்பதால் வருவது. ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து நடுக்கம், வியர்வை, மங்கல் வந்தால் அது இரத்தச் சர்க்கரை வீழ்ச்சி. பைபாஸில் மாவுச்சத்து நேரே சிறுகுடலில் இறங்குகிறது, சர்க்கரை சட்டென ஏறுகிறது, குடல் ஹார்மோன்கள் பொங்குகின்றன, இன்சுலின் தேவைக்கு மேல் சுரந்துவிடுகிறது. பெரும்பாலும் அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குப் பிறகே இது தலைகாட்டும் என்பதால், பலர் அதைப் பழைய அறுவை சிகிச்சையோடு சேர்த்துப் பார்ப்பதே இல்லை.

நடுக்கம் வரும்போது விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்து, நேரத்தோடும் அதற்கு முன் என்ன சாப்பிட்டார் என்பதோடும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பேடு மருத்துவருக்கு எந்தப் பரிசோதனையையும்விட உதவும். குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கவைத்துச் செய்யும் சோதனை பைபாஸ் செய்தவர்களுக்கு ஏற்றதல்ல. அது டம்பிங்கைத் தூண்டி, குழப்பமான முடிவைத் தரும். கர்ப்ப காலத்திலும் இதை மகப்பேறு மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உணவில் மாற்றம் நேரடியானது: தனியாக மாவுச்சத்து சாப்பிடக் கூடாது, எப்போதும் புரதத்தோடு, குறைந்த அளவில், இனிப்புப் பானமும் பழச்சாறும் அறவே வேண்டாம். சர்க்கரை இறங்கும் நேரத்தில் மட்டும் சிறிதளவு குளுக்கோஸ் எடுத்து, பிறகு உடனே புரதம் கலந்த சிற்றுணவு எடுக்க வேண்டும். பயந்துபோய் நிறைய இனிப்பைச் சாப்பிட்டால் அடுத்த ஏற்றமும் அடுத்த வீழ்ச்சியும் தொடங்கிவிடும். இத்தனைக்குப் பிறகும் நிற்காவிட்டால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதை மெதுவாக்கும் அகார்போஸ் போன்ற மருந்துகள் உண்டு. ஒருமுறையாவது மயங்கியிருந்தால், நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பார்க்கும்வரை அவர் வண்டி ஓட்டக் கூடாது.

மற்ற மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் பைபாஸில் இரைப்பையையும் குடலையும் இணைத்த இடத்தில் புண்ணை உண்டாக்கும். தங்கை அவற்றைத் தொடவே கூடாது, நீங்களும் தவிர்ப்பது நல்லது. பாரசிட்டமால் போதும். புகைபிடித்தலும் அதே புண்ணுக்கு வழி. மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகள் சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். மருத்துவரிடம் சொன்னால் சாதாரண வகைக்கு மாற்றித் தருவார். தங்கை கருத்தடை மாத்திரையை நம்பியிருந்தால் வேறு முறைக்கு மாறுவது பாதுகாப்பு. மது சிறிதளவே குடித்தாலும் இரத்தத்தில் வேகமாக ஏறும், நீண்ட நேரம் நிற்கும். பைபாஸுக்குப் பிறகு இரண்டாம் ஆண்டு முதல் மதுப் பழக்கம் சிக்கலாகும் வாய்ப்பு கூடுகிறது என்பது நன்கு பதிவான உண்மை. முன்பு குடிக்காதவர்களையும் அது பிடிப்பதுண்டு.

உடற்பயிற்சி என்றால் எல்லாரும் நடையைத்தான் நினைக்கிறார்கள். நடங்கள், வாரத்துக்கு 150 நிமிடமாவது. எடையைத் தக்கவைக்க அதைவிடக் கூடுதலே தேவைப்படும். ஆனால் உங்களுக்கு நான் வற்புறுத்துவது எடை தூக்கும் பயிற்சியை. கரைந்த 42 கிலோவில் கொழுப்போடு தசையும் போயிருக்கிறது. எலும்பின் அடர்த்தியும் குறைந்திருக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், கால், முதுகு, தோள் தசைகளுக்கு வேலை கொடுங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதில் தொடங்கினாலும் சரி. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் இதுவரை எடுத்ததில்லை என்றால் இப்போது எடுத்துவிடுங்கள்.

ஒரு வரியை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: கண்ணாடியில் இன்னும் பழைய உருவமே தெரிகிறது, யாராவது பாராட்டினால் எரிச்சல் வருகிறது என்று. உடல் மாறிய வேகத்துக்கு மனம் மாறுவதில்லை. தொங்கும் தோல், மாறிப்போன உறவுகள், துக்கத்துக்குத் துணையாக இருந்த உணவு கைவிட்டுப்போனது எல்லாம் சேர்ந்து, எடை குறைந்த பிறகு மனச்சோர்வு வருவது அரிதல்ல. தற்கொலை எண்ணமும் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் போக்கும் இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் சிலருக்குக் கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் இரத்தப் பரிசோதனையைப் போலவே மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்ப்பதையும் வழக்கமான கண்காணிப்பின் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம், நீங்கள் எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ பேச வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லலாம். கேட்டுக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

கடைசியாக, காத்திருக்கக் கூடாத சில நிலைமைகள். உங்களுக்கு இரவில் நெஞ்செரிச்சல், புளித்த நீர் தொண்டைக்கு ஏறுதல் இருந்தால் மாத்திரையால் அடக்கிக்கொண்டு ஆண்டுகளைக் கடத்தாதீர்கள். ஸ்லீவுக்குப் பிறகு அமிலப் பின்னோட்டம் உணவுக்குழாயின் உட்சுவரையே மாற்றக்கூடும், எண்டோஸ்கோபி தேவை. யாருக்கானாலும் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் வாந்தி நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தயமின் இருப்பு சில வாரங்களிலேயே தீர்ந்துவிடும்; கண் இரட்டையாகத் தெரிவதும் தடுமாற்றமும் குழப்பமும் அதன் அறிகுறிகள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் கொடுக்க வேண்டும் என்பதை உடன் வருபவர் மருத்துவரிடம் நினைவூட்டட்டும். தங்கைக்கு எத்தனை ஆண்டுகள் கழித்தாலும், திடீரென்று கடுமையான வயிற்றுவலி விட்டுவிட்டு வந்தால் அது உள்குடலிறக்கமாக, அதாவது வயிற்றுக்குள் உள்ள இடைவெளியில் குடல் நழுவிச் சிக்கியதாக இருக்கலாம். சில மணி நேரத்தில் குடல் அழுகும் ஆபத்து உண்டு. வாயு என்று வீட்டில் படுத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், வாசலிலேயே ‘எனக்கு காஸ்ட்ரிக் பைபாஸ் செய்திருக்கிறார்கள்’ என்று சொல்ல வேண்டும். செய்த அறுவை சிகிச்சையின் பெயர், ஆண்டு, அறிக்கையின் நகல் ஆகியவற்றை இருவரும் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பேச முடியாமல் போகலாம்.